தாய் டால்பினின் மூச்சு

ஒரே மாதத்தில் இரண்டு டால்பின்கள் செத்துக் கரை ஒதுங்கின. இரண்டின் நுரையீரலிலும் ஒரே வைரஸ் இருந்ததைக் கண்டதிலிருந்து கால்நடை மருத்துவர் காமினிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மிச்சக் கூட்டத்துக்கும் அது பரவிவிட்டதா? உயிருள்ள டால்பினைப் பிடித்து ரத்தம் எடுத்தால் அந்த மிரட்சியே அதைக் கொன்றுவிடலாம். ஆகவே டிரோனின் மேல் ஒரு கண்ணாடித் தட்டைப் பொருத்தி, டால்பின் மூச்சு விடும்போது பீறிடும் துளிகளை ஏந்தப் பார்த்தாள்.

பதினோரு நாள் மலேசியாவின் பட்டர்வொர்த் துறையிலிருந்து படகேறியும் தட்டில் விழுந்தது வெறும் கடல்நீர்தான். ஒரு டிரோன் கடலுக்கே போனது. இன்று ஆய்வுக்கு அரசு கொடுத்த அனுமதியின் கடைசி நாள்.

"காத்து கூடிக்கிட்டே போவுது டாக்டர். திரும்பிடலாம்லா," என்றார் படகோட்டி முஸ்தஃபா.

"ஒரு பேட்டரி மிச்சம் இருக்குண்ணே. இன்னும் ஒரே தடவ."

அவர் மறுபேச்சில்லாமல் இன்ஜினை அணைத்தார். கொஞ்ச நேரத்தில் அவரே கை நீட்டினார். "அங்க பாருங்க, தாயும் குட்டியும்!"

இத்தனை நாளும் துரத்தித் துரத்தியே கோட்டைவிட்டது காமினிக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த முறை டிரோனைத் தாய் போகும் வழிக்கு முன்னால், ஓர் ஆள் உயரத்தில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். தாய் நேராக அதன் கீழேயே எழுந்து 'புஸ்' என்று மூச்சு விட்டது. தட்டு நனைந்தது.

திரும்பும்போது பேட்டரி தீரும் நிலை. படகோ அலையில் ஆடியது, இறக்க வழியில்லை. முஸ்தஃபா எழுந்து நின்று டிரோனின் காலை எட்டிப் பிடித்தார். விசிறி விரலைக் கிழித்தது. அவர் விடவில்லை.

காமினி முதலில் தட்டை மூடி முத்திரையிட்டாள். பிறகுதான் அவர் கையைப் பார்த்தாள். வெட்கமாக இருந்தது. "மன்னிச்சிருங்கண்ணே."

"எதுக்கு? தட்டுக்காகத்தானே புடிச்சேன்!"

ஐந்தாம் நாள் ஆய்வுக்கூட முடிவு வந்தது. அதைக் காட்டி அன்றே அனுமதியை மூன்று மாதம் நீட்டித்து வாங்கிக்கொண்டு, முஸ்தஃபாவுக்குப் போன் போட்டாள்.

"கை ஆறிடுச்சாண்ணே?"

"அது கெடக்கு. தாய்க்கு இருக்கா?"

"இருக்கு."

"அப்ப குட்டிக்கு?"

"அதத்தான் பாக்கணும். தாய் தேறுதான்னும் பாக்கணும்."

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வந்துடுங்க. வெயிலுக்கு முன்ன போயிடலாம்."