தோல் தாண்டாத எல்லை

துப்பாக்கி வெடித்தது, பனைகளில் இருந்த காக்கைகள் ஒரே கறுப்புத் துணியாக எழும்பின, மண்குதிரையின் கழுத்து என் கண்ணெதிரே உடைந்து செம்மணலில் விழுந்தது, குதிரைக்குப் பின்னால் நின்ற என் தம்பி பலவேசம் விழவில்லை, அது போதும், அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், உச்சிவெயில், காலில் பூட்ஸ் இல்லை, இடுப்பில் பெல்ட் இல்லை, சப்-இன்ஸ்பெக்டர் உடுப்பில் வெறுங்கையோடு நிற்கிறேன், மணல்மேட்டுக்குப் பின்னாலிருந்து இன்ஸ்பெக்டர் வரதராசு கத்துகிறார், யோவ், தள்ளி நில்லுய்யா, அடுத்தது தப்பாது.

நான் விலகவில்லை, விலகினால் அவன் இல்லை, தேரிக்காட்டின் நடுவே கூரையில்லாத எங்கள் சாஸ்தா கோயில், ஒரு பீடம், நாலைந்து மண்குதிரைகள், சுற்றிலும் ரத்தம் காய்ந்த நிறத்தில் மணல், இதன் எல்லைக்குள் எங்கள் வகையறாவில் யாரும் தோல் கொண்டுபோக மாட்டோம், பங்குனி உத்திரத்துக்கு அப்பா எங்களைக் கூட்டி வருவார், எல்லைக்கல்லில் நின்று செருப்பை விடுவார், இடுப்பு வாரை அவிழ்த்துப் பனங்கருக்கில் தொங்கப்போடுவார், வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடப்பார், மணல் சுடுகிறது என்று பலவேசம் என் முதுகில் தொற்றிக்கொள்வான், காதுக்குள் கேட்பான், எண்ணே, மேளமும் தோலுதான, அதுக்கு மட்டும் சாமி ஒண்ணுஞ் சொல்லாதா, அப்பா திரும்பி ஓங்கினால் அடி என் தலையில் விழும், அவன் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பான், இப்போதும் முதுகில் அந்தச் சிரிப்பு, சூடாக, இல்லை, அது வெயில், அவன் எனக்குப் பின்னால்தான் நிற்கிறான், தாடியும் மீசையுமாக, என்னைவிட உயரமாக.

சாராய வியாபாரியின் ஆளை வெட்டிவிட்டுத் தேரிக்குள் ஓடியவன் இவன், பிடிக்கப் போன போலீஸ்காரர் ஒருவரின் மணிக்கட்டும் போயிற்று, அந்தக் கை விழுந்த நாளிலிருந்து ஸ்டேஷனில் பலவேசத்தைப் பிடிப்பது பற்றி யாரும் பேசுவதில்லை, முடிப்பது பற்றித்தான் பேச்சு, நான் உள்ளே வந்தால் பேச்சு நின்று டீக்கிளாஸ் சத்தம் மட்டும் கேட்கும், அப்படி ஒரு மத்தியானம் அவன் பெண்டாட்டி செல்லக்கனி ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, பெரியத்தான், உத்திரத்தன்னைக்கு அவிய சாஸ்தா கோயிலுக்கு வருவாவ, கூட்டம் கலைஞ்ச பொறவு வருவாவ என்றாள், கண்ணில் ஒரு சொட்டு இல்லை, சரி போ என்றேன், அவள் போன பிறகு வாய் கசந்தது, காறித் துப்பினேன், தாலி கட்டினவனை விற்றுவிட்டாளே.

கோயிலுக்குப் படை இல்லாமல் போக முடியாது, தனியாகப் போனால் தப்பவிட்டேன் என்பார்கள், வரதராசுவிடம் போய் நின்றேன், சார், என் கையால பிடிச்சுக் கொண்டாறேன், சுடவேண்டாம், அவர் தொப்பியைத் துடைத்துக்கொண்டே சொன்னார், விலங்கு மாட்டின ஆளை நான் சுடமாட்டேன்யா, மாட்டாத ஆளுக்கு நான் பொறுப்பில்ல, அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மணல் முழுக்க நடந்து வந்தேன், விலங்கு விலங்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன், பொங்கல் வைத்தவர்கள் எல்லாம் வண்டியேறிப் போயிருந்தார்கள், அடுப்புக்கல்லில் சாம்பல் பறந்தது, பீடத்தின் முன்னால் அவன் முதுகு தெரிந்தது, எல்லைக்கல் வந்ததும் என் கை தானாக பூட்ஸை அவிழ்த்தது, தானாக பெல்ட்டை அவிழ்த்தது, பனங்கருக்கில் மாட்டியது, அப்பாவின் கையா என் கையா தெரியவில்லை, வேட்டிக்குப் பதில் கால்சட்டையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன்.

வந்துட்டியாண்ணே என்றான், திரும்பாமலே, போலீஸ் சோறு ஒட்டலியோ, நடை பூனை மாரி இருக்கு. நீ மட்டும் என்னல, நேந்துவிட்ட கெடா மாரி வளத்து வச்சிருக்க தாடிய. அப்ப இன்னைக்கு வெட்டுதானா என்று சிரித்தான், அவன் அரிவாளும் தோலுறையோடு எதிர்ப்பக்கப் பனையில் தொங்கியது, பார்த்தேன், அப்பா செத்த வீட்டில்கூட நாங்கள் இவ்வளவு அருகில் நிற்கவில்லை, கையை நீட்டுல என்றேன், நீட்டினான், இரண்டு கையையும் சேர்த்து நீட்டினான், என் கை இடுப்புக்குப் போனது, வெறும் இடுப்பு, விலங்கு பெல்ட்டோடு எல்லைக்கு வெளியே தொங்குகிறது, ரிவால்வருக்குப் பக்கத்தில். அவனுக்குப் புரிந்துவிட்டது, அச்சு அசல் அப்பாதாம்ணே நீ என்றான், அந்த நேரத்தில்தான் வெடித்தது, ஆயுதத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தம்பியோடு சிரித்துப் பேசுகிறவனை வரதராசு வேறெப்படி எடுத்துக்கொள்வார்.

உடைந்த குதிரையின் மண் இன்னும் உதிர்கிறது, துண்ட எடுல என்கிறேன், எதுக்கு, எடுல, தலைத்துண்டை உருவித் தருகிறான், அவன் வலது மணிக்கட்டையும் என் இடது மணிக்கட்டையும் சேர்த்துச் சுற்றுகிறேன், முடிச்சைப் பல்லால் இழுக்கிறேன், வியர்வை உப்பு, அவனுடையதா என்னுடையதா, அவனை என் நிழலுக்குள் இழுத்துக்கொண்டு நடக்கிறேன், சார், கட்டியாச்சு, ஆளு என் கையில இருக்கான், குண்டு வந்தா ரெண்டு பேருக்கும்தான், சத்தமாகத்தான் சொன்னேன், மேட்டின் மேல் துப்பாக்கி முனை மட்டும் எங்களோடு கூடவே நகர்கிறது, நான் இடப்பக்கம் சாய்ந்தால் அதுவும் சாய்கிறது, கால் வேகிறது, ஏறிக்கோல முதுவுல என்று சொல்லத் தோன்றுகிறது, அவன் தாடிவைத்த ஆள் என்பது மறந்து போகிறது, எல்லைக்கல்லைத் தாண்டுகிறோம், இரண்டாவது சத்தம் வரவில்லை, முனை மெல்ல, மிக மெல்ல, மணலைப் பார்த்துத் தாழ்கிறது, வரதராசு எழுந்து நின்று முகத்தைத் துடைக்கிறார்.

அப்போதுதான் எனக்கு மூச்சும் ஆத்திரமும் சேர்ந்து வருகிறது, கட்டினவளே உன்னக் காட்டிக் குடுத்துட்டாளேல, அவ முகத்துல முழிக்கலாமா என்கிறேன், அவன் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறான், சின்னக் குரலில் சொல்கிறான்.

அவள ஏசாதண்ணே, உங்கிட்ட மட்டும் போயி சொல்லிட்டு வான்னு அனுப்பினதே நாந்தாம்.