குளிர் அறை நின்றுபோன நாள்

"நெருக்கடியான நேரத்துல நீங்களா முடிவெடுத்துச் செஞ்ச ஒரு காரியத்தைச் சொல்லுங்க."

ஒரு வாரமாக இந்தக் கேள்வியை என் கணவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் நான் அதிகாரி, இந்தப் பக்கம் அவர்.

"உங்களைக் கட்டிக்கிட்டதுதான் மேடம்" என்றார்.

"விளையாடாதீங்க. நிமிர்ந்து உக்காருங்க."

நாங்கள் இருவரும் வேலை பார்த்த மருந்துக் கிடங்கை மூடி ஏழு மாதம் ஆகிவிட்டது. இப்போது வேறொரு கிடங்கில் ஒரே ஒரு மேற்பார்வையாளர் வேலை. இருவருக்கும் ஒரே நாளில் நேர்முகத் தேர்வு. யாருக்குக் கிடைத்தாலும் வீட்டுக்குத்தானே என்று பேசிக்கொண்டோம். பொய் சொல்வானேன், எனக்கு அது வேண்டும். பதினான்கு வருடம் மேற்பார்வையாளரின் வேலையைச் செய்தவள் நான். நாற்காலி மட்டும் வேறு யாருக்கோ.

அவர் தங்கமான மனிதர். ஆனால் நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எப்படிச் சொல்வதென்று காட்ட, என் கதையைப் பத்து முறையாவது சொல்லிக் காட்டியிருப்பேன். ஒருநாள் குளிர் அறை இயந்திரம் நின்றுபோனது. மேலாளர் போனை எடுக்கவில்லை. உள்ளே இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டி இன்சுலின். பக்கத்து ஐஸ்கிரீம் கம்பெனிக்கு ஓடி, சண்டை போட்டு, அவர்களுடைய குளிர் வண்டியை இரவல் வாங்கி, ஒரு பெட்டிகூடக் கெடாமல் காப்பாற்றினேன். அன்று இவர் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தார்.

"இந்த மாதிரி உங்களோடது ஒண்ணு யோசிங்க" என்றேன். யோசித்துக்கொண்டே தூங்கிப்போனார்.

தேர்வன்று அவரை முதலில் அழைத்தார்கள். வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். எனக்கு உறைக்கவில்லை.

உள்ளே மூன்று பேர். அதே கேள்வி. உற்சாகமாக ஆரம்பித்தேன். "ஒருநாள் குளிர் அறை மிஷின் நின்னுபோச்சு சார். பக்கத்துல ஒரு ஐஸ்கிரீம் கம்பெனி..."

நடுவில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். "இதையே இப்பதான் ஒருத்தர் தான் செஞ்சதா சொல்லிட்டுப் போனார். நீங்களும் அங்க இருந்தீங்களாம்மா?"

உண்மையைச் சொன்னால் வேலை எனக்கு. என் மனிதருக்குப் பொய்யர் என்று பெயர். அப்புறம் எந்தக் கிடங்கிலும் அவரைச் சேர்க்க மாட்டார்கள்.

"ஆமா சார். அவர்தான் செஞ்சார். நான் பெட்டி தூக்கிக் குடுத்தேன்."

"நீங்களா செஞ்சது ஏதாவது?"

"இல்ல சார்."

மூன்றாம் நாள் அவருக்குப் போன் வந்தது. வேலை அவருக்குத்தான். பேசி முடித்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து தேம்பினார்.

"வாயில வேற எதுவும் வரலம்மா. உன்னோடதுதான் வந்துச்சு. போய் உண்மையைச் சொல்லிடறேன்."

அறையலாம் போலக் கோபம் வந்தது. அந்த முகத்தைப் பார்த்து எங்கே அறைவது?

"ஒண்ணும் வேண்டாம். வேலைக்குச் சேந்ததும் அங்க துருவித் துருவிக் கேப்பாங்க, உளறி வெக்காதீங்க. எத்தனை பெட்டி?"

"இருநூறு சொச்சம்."

"இருநூத்திப் பன்னெண்டு. நிமிர்ந்து உக்காருங்க. முதல்ல இருந்து சொல்லுங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். "குளிர் அறை நின்னுபோச்சு. மேலாளர் போனை எடுக்கல. நான் ஓடினேன்" என்று ஆரம்பித்தார்.

கடைசிவரை ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.