பீங்கானை எடுக்கச் சொல்லாத துரை

செத்துப்போன வெள்ளைக்காரத் துரை ஒருவருக்கு இரண்டரை மணித்தியாலம் மேசைப் பணிவிடை செய்து, அவரிடம் ஒரு குற்றம் குறை கேளாமல் தப்பிய மனுஷன் இந்த இலங்கையிலேயே தான் ஒருத்தன்தான் என்றான் கிறகரி. யாராலும் நம்ப முடியாத கதைதான். ஆனால் கட்டுகஸ்தோட்டைத் தேத்தண்ணிக் கடையில் இருந்த அத்தனை பேரும் நம்பினார்கள். நல்ல கதையை வீணாக்க யாருக்கு மனசு வரும்?

ஒரே ஒருவர் மட்டும் நம்பவில்லை. இறைச்சிக்கடை முஹ்ஸின்.

"பச்சப் பொய்! அப்படி ஒண்டும் நடக்கல்ல," என்று சொல்லிவிட்டு, பாதித் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழுந்து போனார்.

கிறகரி சும்மா ஆள் இல்லை. கண்டியில் ஒரு பழைய கப்பல் பட்லர் நடத்திய ஓட்டல் வேலை வகுப்பில் முதலாவதாகத் தேறியவன். சேர்ட்டிபிக்கட்டில் ஆப்பம் அளவுக்கு அரக்கு முத்திரை. அவனோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர் தேறினார்கள். அவர்கள் தேறட்டும் என்று காத்திருந்ததுபோலத் தேயிலை விலை விழுந்தது. துரைமார் கப்பலேறினார்கள். ஓட்டல்களில் கதிரைகள் மட்டும் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு திக்காகப் போனார்கள். ஒருவன் பேராதனைச் சந்தி ஸ்டேசனில் வடை விற்றான். கையில் வெள்ளைத் துணி போட்டு, இடுப்பை வளைத்து, "சேர்" என்று அவன் நிமிர்வதற்குள் ரயில் கம்பளைக்கே போய்விடும். இன்னொருவன், ராஜலிங்கம், மாட்டுவண்டிக்காரனானான். மாட்டுக்குக்கூட இடப்பக்கமாக நின்றுதான் வைக்கோல் வைப்பானாம். மாடு முடித்த பிறகுதான் வாளியை எடுப்பானாம்.

கிறகரிக்கு ஓட்டல்தான் வேண்டும். ஆனால் சேர்ட்டிபிக்கட்டை எந்த ஓட்டலும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துரை ஒருவர் கைப்பட எழுதிய நற்சான்றுக் கடிதம் வேண்டும். இந்த மாதக் கடைசிக்குள் வேலை கிடைக்காவிட்டால் அவனும் மனைவி டொரதியும் கட்டுகஸ்தோட்டை அறையைக் காலி செய்துவிட்டு ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கே திரும்ப வேண்டும். டொரதி கொழுந்துக் கூடையைத் தூக்க, அவன் புல்லு வெட்ட வேண்டும்.

அந்தக் கடிதத்துக்காகத்தான் அவன் ஹென்ஷோ துரையின் மலைப் பங்களாவுக்குப் போனான். ஒரு ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டைப் பரிமாறிக் காட்டு, பிடித்திருந்தால் எழுதித் தருகிறேன் என்றிருந்தார் துரை. சமையல்காரன் குசினியில் எல்லாவற்றையும் சமைத்து இறக்கி வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டான். சூப் நல்லபடியாக முடிந்தது. பிறகு மாட்டிறைச்சி வந்தது. நாலு வாய் தின்ற துரை, முள்ளுக்கரண்டியை ஒரு பக்கமும் கத்தியை ஒரு பக்கமும் சாய்த்து வைத்துவிட்டு, தலையைக் குனிந்து நாடியை நெஞ்சில் பதித்துக்கொண்டார்.

வகுப்பில் படித்த முதல் பாடம் கிறகரிக்கு மறக்குமா? முள்ளும் கத்தியும் ஒன்றோடொன்று சேர்ந்து கிடந்தால்தான் சாப்பிட்ட பீங்கான் தட்டைத் தொடலாம். துரை பேசாமல் நாம் பேசக்கூடாது. அவன் நின்றான். குழம்பை ஏழு தடவை சூடாக்கினான். துரையின் மீசையில் ஓர் ஈயை இறங்க விடவில்லை. மடியிலிருந்து வழுக்கிய நாப்கினை மூன்று முறை மாற்றி, மூன்றாம் முறை அன்னப்பறவையாகவே மடித்து வைத்தான். கோயிலிலிருந்து வந்த சமையல்காரன் போட்ட கூச்சலில்தான் அவனுக்கு விஷயம் விளங்கியது. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். கடிதமும் அதோடு நின்றுவிட்டது.

அடுத்த வாரமே கண்டியில் ஓர் ஓட்டலுக்கு மேசைக்கு ஆள் வேண்டும் என்று தகவல் வந்தது. மனேஜர் கதையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"உண்மையெண்டால் உன்னைப்போல ஆள் எனக்கு வேணும். நான் அறிஞ்ச ஆள் ஒருத்தர் வந்து சொல்லட்டும். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பம்."

அந்த ஓட்டலுக்கு இறைச்சி கொடுப்பவர் முஹ்ஸின்; துரையின் பங்களாவுக்கும் அவர்தான். அண்ணன் முறை வைத்து, நானா என்று கூப்பிட்டுக்கொண்டே கிறகரி ஓடினான்.

"நானா, ஒங்க இறைச்சிக் கூடை அன்னைக்கு குசினிப் படியில இருந்துச்சே! நான் கண்ணால பாத்தேன்."

"கூடை ஈந்திருக்கும். நான் ஈக்கல்ல."

"கூடை தானா நடந்தா மலைக்கு வந்துச்சு?"

"வந்தீக்கும். என்னெ விடுங்கொ."

வியாழன் போனான். வெள்ளி காலையிலும் போனான். முஹ்ஸின் கத்தியைத் தீட்டிக்கொண்டு தலையை நிமிர்த்தவேயில்லை. வெள்ளி பின்னேரம் அந்த வேலை மனேஜரின் மச்சானுக்குப் போனது. அவனுக்கு முள் எது, கரண்டி எது என்றே தெரியாதாம்.

மாதம் முடிந்தது. டொரதி சட்டி பானைகளைச் சாக்கில் கட்டினாள்.

"நான் அன்னைக்கே சொன்னேன், கங்காணிகிட்ட பேரைக் குடுங்கன்னு. இப்ப புல்லுவெட்டுக்கே ஆள் வேணாங்கிறாங்க. அந்தச் சேர்ட்டிபிக்கட்டை என்ன செய்ய?"

"மண்வெட்டிப் பிடியில சுத்து. கை நோகாது," என்றான் கிறகரி.

வாசலில் நிழல் தட்டியது. இலையில் சுற்றிய இறைச்சியோடு முஹ்ஸின் நின்றார். தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"வேற ஆருமில்லயே?"

"யாரும் இல்ல நானா. வேலையும் இல்ல."

முஹ்ஸின் சாக்கு மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"அது என்ட இறைச்சி, கிறகரி. நான் அங்க ஈந்தெண்டு ஒரு சொல்லு செல்லினா, முஹ்ஸின்ட இறைச்சியத் திண்டு துரை மௌத்தாப் பெய்த்தாரெண்டு கண்டி முழுக்கச் செல்லுவாங்க. கடையில ஈ மட்டும்தான் மிஞ்சும்."

"அப்ப நீங்க இருந்தீங்க?"

"கதவுக்குப் பின்னால. எழும்பி, இறைச்சி நல்லமெண்டு துரை ஒரு சொல்லாவது செல்லுவாரெண்டு நானும்தான் பாத்துக்கொண்டு ஈந்த." அவர் இறைச்சிப் பொதியை டொரதியின் பக்கம் தள்ளினார். "ஆனா நீங்க ஊரெல்லாம் செல்லினது பொய்தான். ரெண்டரை மணித்தியாலம் இல்ல. மூணு."