நான்காவது மெஷின்

புது மெஷினைச் சேர்த்து இரண்டு நாளாகியும் அதில் ஒரு பெயர்கூட ஏறவில்லை. ஏனென்று பாண்டிலட்சுமிக்கு விளங்கவில்லை. விருதுநகர் மாவட்டத்தில் ரத்தம் கொடுப்பவர்களைத் தேடித் தரும் இணையதளம் அவள் நடத்துவது. பட்டியல் மூன்று கட்டுகளாக, மூன்று கம்ப்யூட்டர் மெஷின்களில் கிடந்தது. முதல் இரண்டும் பாதிகூட நிறையவில்லை. மூன்றாவது பிதுங்கிப்போய், கேட்டதற்குப் பதில் சொல்ல முடியாமல் திணறியது.

“நாலாவது மெஷினு புதுமாப்பிள்ளை கணக்கா சும்மா உக்காந்துருக்குக்கா,” என்றான் கூட வேலை பார்க்கும் சரவணக்குமார்.

அவள் சிரிக்கவில்லை. காலையிலிருந்து சங்கையா மூன்று முறை கூப்பிட்டுவிட்டார். மதுரை ஆஸ்பத்திரியில் அவர் மனைவி மாரித்தாய்க்குப் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்கவில்லை. பி நெகட்டிவ் வேண்டும். தேடினால் திரை சுற்றிக்கொண்டே இருந்தது.

மறுபடி போன் அடித்தது.

“கிடைச்சுதாம்மா?”

“பாத்துக்கிட்டே இருக்கேண்ணே. உங்க ஊர்ல யாரும் இருக்காகளான்னு தேடுதேன். எந்த ஊரு?”

“மல்லாங்கிணறு. அங்கன தேடாதீகம்மா, அந்த ஊர் பேர்ல ஒருத்தரும் இருக்க மாட்டாக. நாங்க அம்புட்டு பேரும் கம்பெனி வேன்ல வந்து உங்க தம்பி நினைவுநாள் முகாம்லதான பேர் கொடுத்தோம்.”

பாண்டிலட்சுமி கீபோர்டிலிருந்து விரலை எடுத்துவிட்டாள்.

தம்பி பாண்டிமுருகன் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் போய் ஆறு வருடம். ஆண்டுதோறும் அந்த நாளில் அவர்கள் ஊரில் ரத்ததான முகாம். வேன் வேனாக ஆட்கள் வருவார்கள். யார் எங்கிருந்து வந்தாலும் பதிவில் முகாம் நடந்த ஊர்தான் விழும். ஒரே ஊர் என்றால் ஒரே கட்டு; அத்தனை பேரும் மூன்றாவதில். அவன் பேரில் வந்தவர்கள் ஒன்றாக இருக்கட்டும் என்று அவளே வைத்த விதி அது. கட்டை முழுசாக வேறு மெஷினுக்கு நகர்த்தலாம், பிரிக்க முடியாது. மூன்றே கட்டு இருக்கும்போது நான்காவதற்கு என்ன கிடைக்கும்?

விதியை மாற்ற உட்கார்ந்தாள். பாதியில் போன் வந்தது.

“இனி தேட வேண்டாம்மா,” என்றார் சங்கையா. “பிள்ளை மட்டுந்தான் நல்லா இருக்கு.”

சரவணக்குமார் மெதுவாகக் கேட்டான். “நாளைக்குப் பாப்போமாக்கா?”

“இல்லலே. இப்பவே.”

விதியிலிருந்து ஊரை எடுத்துவிட்டு, ஒவ்வொருவரின் பதிவு எண்ணையும் வைத்துப் பிரிக்கச் சொன்னாள். மூன்று கட்டைப் பன்னிரண்டாக்கி, பட்டியல் முழுவதையும் மறுபடி ஏற்றினாள். தம்பியின் முகாம் நான்கு மெஷினிலும் சிதறியது. சாயங்காலம் ஒவ்வொன்றிலும் கால்வாசி இருந்தது. பி நெகட்டிவ் என்று தட்டினாள். ஒரு நொடிக்குள் முப்பத்தொரு பெயர்கள் வந்தன.