அந்திச் சங்கும் மாட்டுக்கறி டின்னும்

சமோவாவில் எங்கள் ஊரில் அந்திச் சங்கு ஊதினால் எல்லோரும் வீட்டுக்குள் உட்கார்ந்து ஜெபிக்க வேண்டும். மறுசங்கு ஊதும்வரை தெருவில் தலை தெரிந்தால் அபராதம். சங்கு ஊதுபவரும் அபராதம் போடுபவரும் டீக்கன் பெனியமினாதான்.

அன்று சங்கை ஊதிவிட்டு வீடு திரும்பினால், போதகர் சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். சட்டியில் வெறும் கிழங்கு. டீக்கன் வாழைத்தோப்பு வழியாகப் பதுங்கிப் போய், சீனத்துக் கடைக்காரி லியூவின் பின்கதவைத் தட்டினார்.

"மாட்டுக்கறி டின் ஒண்ணு கொடும்மா. மானம் போகுது."

"திறக்க மாட்டேன் ஐயா. ஜெபத்துல இருக்கேன்."

"நீயா? இத்தனை வருஷமா கூப்பிடறேன், கோயில் படிய மிதிச்சதில்ல!"

"போன மாசம் இதே நேரத்துல ஒரு தீப்பெட்டி வித்ததுக்கு நீங்கதானே அபராதம் போட்டீங்க? அன்னைக்கே விசுவாசம் வந்துருச்சு."

"ரெண்டு டின்னா வாங்கிக்கறேன், திற."

"ஜெபத்துல பேரம் பேசக் கூடாதுங்க."

"எப்பத்தான் முடியும் உன் ஜெபம்?"

"நீங்க மறுசங்கு ஊதினதும்."

டீக்கன் ஓட்டமெடுத்தார். எங்கள் வீட்டில் அப்போதுதான் பாட்டை முடித்து, "பரமண்டலங்களிலிருக்கிற" என்று வாயெடுத்திருந்தோம். சங்கு கேட்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, ஆமென் சொல்லி எழுந்துவிட்டோம்.