எட்டாவது கட்டம்

நான் முன்கோபி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரியநாயக்கன்பாளையத்துப் பக்கம் ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பத்தொன்பது வருஷம் பாடம் எடுத்தேன். என்னிடம் படித்த பெண்களில் அழாதவள் ஒருத்தியும் இல்லை. "ராமாமணி டீச்சர் வர்றாங்க" என்றால் விடுதியில் குழாய்கூடச் சொட்டாது என்பார்கள். அந்தப் பேச்சு காதில் விழும்போது எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருக்கும்.

என் கோபமெல்லாம் பாடத்திட்டத்தின் மேல். எங்கள் புத்தகங்களைப் புரட்டினால் அதில் இருப்பது ஒரே ஒரு குழந்தை. அது கிராமத்துக் குழந்தை. அதற்கு ஒரு பசு, ஒரு கிணறு, மரத்தடியில் பேப்பர் படிக்கும் அப்பா. இரண்டு வருஷம் இதையே உருப்போட்டுவிட்டு எங்கள் பெண் கோயமுத்தூர் மாநகராட்சிப் பள்ளிக்குள் நுழைவாள். அங்கே முப்பது பிள்ளைகள் நாலு பாஷையில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். ஒன்றுக்கு வீட்டில் உருது, ஒன்றுக்குத் தெலுங்கு, டீக்கடைக்காரர் பிள்ளைக்கு மலையாளம். இவள் திருதிருவென்று முழிப்பாள். மூன்றாம் நாள் பிரம்பைத் தேடுவாள். இதற்கா இரண்டு வருஷம்?

பயிற்சியில் குடும்பக் கணக்கெடுப்பு என்று ஒன்று உண்டு. நாற்பது நாள் பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்தும்போது, தன் வகுப்புப் பிள்ளைகளின் வீடு வீடாகப் போய் ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். படிவத்தில் ஏழு கட்டங்கள்: பெயர், வயது, மதம், சாதி, தாய்மொழி, தந்தை தொழில், வருமானம். பெரும்பாலான பெண்கள் ஒரு வீட்டுப் படியும் ஏறாமல் வருகைப் பதிவேட்டைப் பார்த்து விடுதியில் உட்கார்ந்தே நிரப்பிவிடுவார்கள். நான் விடுவேனா? எட்டாவதாக ஒரு கட்டம் போடச் சொன்னேன். "கண்ணால் கண்டது" என்று அதற்குத் தலைப்பு. வீட்டுக்குள் போய் உட்கார்ந்து பார்த்ததை ஐந்து வரிக்குக் குறையாமல் எழுத வேண்டும். அரசாங்கப் படிவத்தில் அது கிடையாது, முழுக்க என் யோசனை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

தொண்ணூற்றெட்டு ஜனவரியில், உக்கடம் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு யார் போவது என்ற பேச்சு வந்தது. அந்தப் பக்கம் நவம்பரில் நடந்த இந்து-முஸ்லிம் கலவரம் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் வந்துவிட்டது. நாச்சியம்மாள் மட்டும் எழுந்து நின்று, "நான் போறேனுங்க டீச்சர்" என்றாள். கிணத்துக்கடவுக்காரி. தென்னந்தோப்பு பொங்கியண்ணனுக்கு ஒரே மகள்.

மறுநாளே பொங்கியண்ணன் பஸ் பிடித்து வந்துவிட்டார்.

"ஏனுங்க டீச்சரம்மா, என்ற புள்ளைய அக்கட்டால அனுப்பாதீங்க. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா நான் ஊருக்குள்ள தலை காட்ட முடியாதுங்க."

"உங்க புள்ளை வாத்தியாராகோணுமா, வேண்டாமாங்க?"

"ஆகோணுமுங்க. அதுக்கு வேற பள்ளிக்கூடமே இல்லீங்களா?"

"அங்கயும் புள்ளைங்கதானுங்க படிக்குது. புலியும் சிங்கமுமா படிக்குது?" என்று கத்தினேன். அவர் மகளைப் பார்த்தார். "நாப்பது நாளுதானுங்கப்பா" என்றாள் அவள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

அவளுக்குக் கிடைத்தது நாலாம் வகுப்பு, முப்பத்தோரு பிள்ளைகள். கலவரத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் இரண்டு பக்கமாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தன. நடுவில் ஓர் ஆள் படுத்துக்கொள்ளும் அளவுக்கு இடைவெளி. தலைமையாசிரியர் பாலுசாமி நல்ல மனுஷன்தான், ஆனால் பயந்தாங்கொள்ளி. "தானாச் சரியாயிருமுங்க, நாம ஒண்ணும் கேட்டுக்க வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார்.

மூன்றாவது வாரம் நான் பார்வையிடப் போனேன். வகுப்பறையில் ஈ காக்கை இல்லை. எல்லாரும் வெளியே மைதானத்தில் இருந்தார்கள். தரையில் சுண்ணாம்பால் பெரிய வட்டம். பன்னிரண்டு பிள்ளைகள் பன்னிரண்டு மணிகளாகச் சுற்றி நிற்க, இரண்டு பிள்ளைகள் கையை நீட்டி முட்களாகப் படுத்திருந்தார்கள். நாச்சியம்மாள் ஒரு பழைய சுவர்க்கடிகார முகப்பை உயர்த்திப் பிடித்து முள்ளைத் திருப்ப, அதைப் பார்த்து இந்த முட்கள் புழுதியில் உருண்டன. "அஞ்சே கால்! ஏய் அஞ்சே கால்டா!" என்று வட்டத்துக்கு வெளியே நின்றவர்கள் காட்டுக்கூச்சல். ஆறாக நின்றவன் ஐந்தாக நின்றவளைத் தோளில் கை போட்டு இழுத்தான். எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் உட்காரும் பிள்ளை என்று எனக்குத் தெரியவில்லை. கோபக்காரி அழுதால் நன்றாகவா இருக்கும்? பேனாவைத் தேடுகிற மாதிரி கைப்பையைக் கிண்டிக்கொண்டேன்.

"அந்தக் கடிகாரம் ஏது?" என்று கேட்டேன்.

"இந்த வகுப்புச் சமீராவோட அத்தா, அவங்கப்பாதானுங்க, செஞ்சு குடுத்தாருங்க. கடிகாரம் ரிப்பேர் பண்றவருங்க. அப்துல் மஜீதுன்னு பேருங்க. காசு வேண்டாம்னுட்டாருங்க" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "எனக்கு வேலை கெடைச்சா இந்தப் பள்ளிக்கூடத்துக்கே போடச் சொல்லி எழுதிக் கேக்கலாமுங்களா டீச்சர்?" என்றாள்.

பத்தொன்பது வருஷத்தில் இப்படி ஒருத்தியும் என்னிடம் கேட்டதில்லை. அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்: இவளை இந்தப் பள்ளிக்கு வாத்தியாராக்கிவிட்டுத்தான் மறுவேலை.

அதனால் அவளிடம் இன்னும் கறாராக இருந்தேன். கணக்கெடுப்பு நோட்டில் சமீரா வீட்டுக்கு எட்டாவது கட்டத்தில், "நவம்பரில் தந்தையின் கடை எரிந்துவிட்டது. அன்பான குடும்பம்" என்று இரண்டே வரி எழுதியிருந்தாள். நோட்டைத் தூக்கி மேசையில் போட்டேன்.

"அன்பான குடும்பமுன்னு எல்லா ஊட்டுக்கும் எழுதலாம். நீ அங்க என்னத்தைப் பார்த்தே? மறுக்காப் போயிப் பார்த்துட்டு வந்து எழுது."

போனாள். சமீராவின் அம்மா உம்மல் குல்சும் டீ போட்டுக் கொடுத்து, இருந்த ஒரே அலமாரியையும் திறந்து காட்டியிருக்கிறாள். நாச்சியம்மாள் அச்சடித்தது போன்ற கையெழுத்தில் எழுதி வந்தாள்: "கடை இல்லாததால் தந்தை வீட்டு முன்னறையிலேயே வேலை செய்கிறார். அங்குள்ள அலமாரி நிறைய வயர்கள், பேட்டரிகள், அலாரம் கடிகாரங்கள், பிரித்த ரேடியோக்கள். பேசிக்கொண்டே அவற்றை இணைக்கிறார். சமீரா பக்கத்தில் அமர்ந்து திருகாணிகளை எண்ணிக் கொடுக்கிறாள். இக்குழந்தைக்கு எண்களிடம் பயம் இல்லை."

ஓரத்தில் சிவப்பு மையில் 'மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு. நான் யாருக்கும் நாற்பதைத் தாண்டிப் போட்டதில்லை.

பிப்ரவரி பதினான்காம் தேதி ஊரில் குண்டுகள் வெடித்தன. அதைப் பற்றி எனக்கு எழுதத் தெரியாது. செத்தவர்களில் என் பழைய மாணவி ஒருத்தியின் தம்பியும் இருந்தான். பள்ளிக்கூடங்களை மூடினார்கள். எங்கள் பெண்களை ஊருக்கு அனுப்பிவிட்டோம்.

பத்து நாள் கழித்துப் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் பயிற்சிப் பள்ளிக்கு வந்தார்கள். மரியாதையான ஆட்கள்தான். முதலில் பாலுசாமியிடம் போய்ப் பிள்ளைகளின் வீட்டு விவரம் கேட்டிருக்கிறார்கள். அவர் தப்பித்தால் போதும் என்று, "பயிற்சிக்கு வந்த புள்ளை ஊடு ஊடாப் போயி எழுதியிருக்குதுங்க, நோட்டு ராமாமணி டீச்சருகிட்ட இருக்குதுங்க" என்று கைகாட்டிவிட்டார். அவர்கள் ஒரு கடிதத்தை நீட்டினார்கள். முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ரசீது கேட்டேன். "இது செய்முறைத் தேர்வுக்குக் காட்டவேண்டிய பதிவேடுங்க, ரசீது இல்லாமத் தரமாட்டேன்" என்று அரைமணி நேரம் சண்டை போட்டேன். எழுதிக் கொடுத்தார்கள். பக்கம் கசங்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னேன். அவர்களில் மூத்தவர் புரட்டிப் பார்த்து, "கையெழுத்து நெம்ப நல்லா இருக்குதுங்களே, யாருங்க எழுதுனது?" என்றார். "என்ற மாணவிதானுங்க" என்றேன், பூரிப்போடு. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நோட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவே இல்லை. காகிதம் கேட்டார்கள், காகிதம் கொடுத்தேன்.

மார்ச்சில் பள்ளி திறந்ததும், விட்டுப்போன நாட்களை முடிக்க நாச்சியம்மாள் போனாள். அன்று மத்தியானமே என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சமீராவோட அத்தாவப் புடிச்சுட்டுப் போயிட்டாங்க டீச்சர். இருவது நாளாச்சாமுங்க. அவங்க ஊட்டுக்குப் போனா என்னைய வாசப்படியிலயே நிறுத்திப்போட்டாங்க." மூச்சு வாங்கினாள். "போலீசு வந்தப்ப நான் எழுதுனதை அப்புடியே படிச்சுக் காட்டுனாங்களாமுங்க. அலமாரி நெறைய வயரு, பேட்டரின்னு. அந்த அலமாரிய வெளியாளு ஆருக்கும் அவங்க தொறந்து காட்டுனது இல்லீங்க. எனக்கு மட்டும்தான் காட்டுனாங்க."

பாலுசாமியைத் திட்டினேன். போலீசைத் திட்டினேன். நாச்சியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளையும் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனேன். அதே மூத்தவர்தான் இருந்தார். உட்காரச் சொன்னார்.

"அதுல பொய்யா ஏதாச்சும் எழுதியிருக்குதுங்களா?" என்று நாச்சியம்மாளைக் கேட்டார்.

"இல்லீங்க. எல்லாம் நெசமுங்க. ஆனா அவரு கடிகாரம் ரிப்பேர் பண்றவருங்க..."

"நெசந்தானுங்களே, அப்பறமென்னங்க?"

நான் குறுக்கே புகுந்தேன். "அதுக்கு மேல ரெண்டு வரியப் படிச்சீங்களா? அந்த மனுஷனோட கடையக் கலவரத்துல எரிச்சுப்போட்டாங்கன்னு எழுதியிருக்குது. அதனாலதான் சாமானெல்லாம் ஊட்டுல கெடக்குது."

"அதையும் படிச்சமுங்க. கடை எரிஞ்ச ஆளுக்கு உள்ளுக்குள்ள கோவம் இருக்குமல்லங்க?" என்றார் அவர், குரல் உயர்த்தாமல்.

மனு எழுதினேன். ஒரு வக்கீலைப் பார்த்தேன். கல்வி அலுவலகத்தில் ஒருவர், "உங்களுக்கு எதுக்குங்க மேடம் இந்த வம்பு" என்று கதவைச் சாத்தினார். வகுப்பில் முப்பத்தோரு பிள்ளைகள் பதினான்காகிப் போயின. ஒரு பக்கத்தார் பயத்தில் டிசி வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போனார்கள். இன்னொரு பக்கத்தார் பிள்ளைகளை வீட்டை விட்டே அனுப்பவில்லை.

ஏப்ரலில் ஒரு நாள் நானும் நாச்சியம்மாளும் குல்சும் வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்கத்தான் போனோம். சமீராவைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லிக் கெஞ்ச வேண்டும் என்றும் நாச்சியம்மாள் சொல்லியிருந்தாள். தெருவில் நாலு ஜன்னல்கள் எங்களைப் பார்த்துச் சாத்திக்கொண்டன. குல்சும் கதவைப் பாதி திறந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"வாங்க டீச்சர்" என்றாள். உள்ளே கூப்பிடவில்லை. நாச்சியம்மாள் அழ ஆரம்பித்தாள். குல்சும் அவளைப் பார்க்காமல் என்னைக் கேட்டாள்: "அந்த நோட்டுல சிவப்பு மையில கையெழுத்துப் போட்டது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"அப்ப நீங்கதானுங்களே பெரியவங்க. எங்க பேர அதுல அடிச்சுப்போட மாட்டீங்களா? நீங்க அடிச்சா அவங்க கேப்பாங்கல்லங்க?"

அந்த நோட்டு என் கையில் இல்லை. எந்த ஸ்டேஷனில், எந்தக் கோர்ட்டில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. நான் அடிப்பதாவது, அவர்கள் கேட்பதாவது. அவள் கதவு விளிம்பைப் பிடித்திருந்த கையையே பார்த்தேன். பத்தொன்பது வருஷம் பொய்யான பதிவேட்டைக் கிழித்துப் போட்டவள் நான். வாய் தானாகச் சொன்னது.

"அடிச்சாச்சுங்க. நேத்தே அடிச்சுப்போட்டேன்."

"அப்ப அவரை உட்டுருவாங்களாங்க?"

"உட்டுருவாங்க."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. அதை என்னால் பார்க்க முடியவில்லை. "சமீரா, அத்தா வந்துருவாராம்! டீச்சர் சொல்றாங்க!" என்று உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள். "இருங்க, டீ போடறேன்" என்றாள். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓடாத குறையாக வந்துவிட்டேன்.

உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே வந்தோம். நாச்சியம்மாளின் ஊர் வழியாகப் போகும் பொள்ளாச்சி வண்டி புறப்படத் தயாராக நின்றது. அவள் அதை நோக்கி நடந்தாள்.

"எங்க ஏறப் போறே? விடுதிக்கு வா. அடுத்த வாரம் செய்முறைத் தேர்வு" என்றேன். என் பழைய குரலில்தான் சொன்னேன், ஆனால் அதில் உயிர் இல்லை.

"இனிமேட்டு நான் எந்தப் புள்ளைகிட்டயும் உங்கப்பா என்ன வேலை பண்றாருன்னு கேக்க மாட்டேனுங்க டீச்சர்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதைக் கேக்காம எப்புடிப் பாடம் நடத்தறதுன்னு நீங்க எனக்குச் சொல்லிக் குடுக்கலீங்களே."

சொல்லிக் கொடுக்க எனக்கும் தெரியாது. அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். தேர்வுக்கு அவள் வரவில்லை.