மூன்று நாற்காலியும் ஒரு ஃப்ரீசரும்

அந்தப் பல்கலைக்கழகத்தின் நிதி நிர்வாகம் ஆதியில் ஓர் இரும்புப் பெட்டிக்குள் அடங்கியிருந்தது. சாவி ஒரு குமாஸ்தாவின் இடுப்பில். அவருக்குச் சளி பிடித்தால் ஊழியர் அத்தனை பேருக்கும் சம்பளம் தள்ளிப்போகும். பிறகு துறைகள் காளான் மாதிரி முளைத்தன. பில் போட ஒரு மாடி, ஒப்புதல் தர ஒரு மாடி, இந்த இரண்டையும் சந்தேகப்பட ஒரு தணிக்கை மாடி என்று நிதிக் கட்டடம் மேகத்தை இடித்தது. வந்த துணைவேந்தரெல்லாம் ஒரு பிரிவைச் சேர்த்தார்களே தவிர, ஒன்றையும் எடுக்கவில்லை.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. ஓய்வுபெற்றவர்கள் இடத்தில் ஆள் போடுவது நின்றது. மாடிகள் அப்படியே இருக்க மனிதர்கள் கரைந்து, கடைசியில் மூன்று நாற்காலியும் 'கூடுதல் பொறுப்பு' என்று ஒரே கண்காணிப்பாளர் தலையில் விழுந்தன. அவருக்கு 'மூணு சீட்டு' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

மனுஷர் நேர்மையில் நெருப்பு. தாவரவியல் துறையிலிருந்து ஃப்ரீசர் ரிப்பேர் பில் வந்தபோது அந்த நெருப்பு கொழுந்துவிட்டது. காரணம், அனுப்பிய பேராசிரியை அவருடைய மனைவி. 'பெண்டாட்டி பில்லுன்னா பறக்குது பார்' என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே! கீழ் மாடியில் பில்லைத் தயாரித்தார். மூச்சிரைக்கத் தணிக்கை மாடி ஏறி, 'இச்செலவு அவசியமா?' என்று தனக்கே ஒரு கேள்வி போட்டார். இறங்கி வந்து அதைப் படித்தவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இந்த ஆடிட்காரனுக்கு வேற வேலையே இல்லையா!"

பதில் எழுதினார். புதிதாக வந்திருந்த மென்பொருள் ஏற்க மறுத்தது. கேட்டவரே பதில் சொல்லக் கூடாதாம்.

மதியம் மனைவி வந்து நின்றார். கையெல்லாம் ஐஸ் தண்ணீர்.

"ஏங்க, என் பில் எங்க நிக்குது?"

"ஆடிட்ல நிக்குதும்மா."

"ஆடிட் யாரு?"

"நான்தான்."

"பதில் சொல்ல வேண்டியது?"

அவர் திருதிருவென்று விழித்தார். "அதுவும் நான்தான். ஆனா மேல கேள்வி கேட்டவரே கீழ பதில் சொன்னா செல்லாதாம்."

"மலை மலையா ஏறிச் சேர்த்த விதைங்க. பாதி இப்ப எந்தக் காட்லயும் கிடையாது. ஐஸ் கட்டி போட்டு வச்சிருக்கேன், நாளைக்குத் தாங்காது. உங்கள்ல யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போடுங்களேன்!"

பக்கத்து மேஜைத் தட்டச்சர் அம்மா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "சார், ஆடிட் சீட்டுக்கு மட்டும் இன்னிக்கு லீவு போடுங்க. வேற யாராவது பொறுப்புக்கு வருவாங்க, அவங்க முடிச்சு வைக்கட்டும்."

கண்காணிப்பாளர் தணிக்கை மாடி ஏறி விடுப்பு கேட்டார். ஒப்புதல் மாடிக்குப் போய், சற்று யோசித்து, தனக்கு அனுமதி கொடுத்தார். கம்ப்யூட்டர் கட்டடம் முழுக்கத் தேடிப் பார்த்தது. வேறு அதிகாரியே இல்லை. பேராசிரியர்களில் மூத்தவரைப் பிடித்துத் தணிக்கையில் உட்கார வைத்தது. அது அவர் மனைவி.

"உன் பில்லை நீயே முடிச்சா நல்லாவா இருக்கும்?" என்றார் கலவரத்துடன்.

"உங்ககிட்ட நீங்களே லீவு கேட்டது நல்லா இருந்துச்சாக்கும்!"

மனைவி 'அவசியமே' என்று எழுதிக் கேள்வியை முடித்தார். கண்காணிப்பாளரும் ஒப்புதல் மாடிக்கு ஓடி ஒப்பமிட்டார். அன்று சாயங்காலமே மெக்கானிக் வந்தார், ஃப்ரீசர் உறுமியது, விதைகள் பிழைத்தன.

மறுநாள் காலை அவர் தணிக்கை மாடிக்குப் போனால், நாற்காலியில் மனைவி.

"எழுந்திரும்மா. என் லீவு முடிஞ்சுது."

"திரும்ப வேலைல சேர்ற கடிதத்தை ஆடிட் பாக்கணுமாம். வச்சிட்டு வெளிய நில்லுங்க." படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "லீவு நாள்ல ரெண்டு மாடில கையெழுத்துப் போட்டிருக்கீங்களே, எப்படி?"

எந்த மாடியிலிருந்து பதில் சொல்வது என்று தெரியாமல் அவர் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.